ஆளுக்குப் பாதி கூடாரம்

என் தம்பியைக் கொல்லப் பார்த்தவள் நான். இப்படித் தொடங்கினால் அவனுக்குப் பிடிக்காது, "ஏன்க்கா எல்லாத்தையும் பெரிசாக்குற" என்பான். ஆனால் நடந்தது அதுதான். அதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவன் பெயர் எமெட். நெப்ராஸ்காவில் ஒரு தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடுகிறவன், வயது நாற்பத்திரண்டு. நான் ரொவீனா, அவனைவிட ஆறு வயது மூத்தவள். ஆனால் மலைப்பாதையில் பெற்றவர்கள் வைத்த பெயருக்கு மதிப்புக் கிடையாது, கூட நடப்பவர்கள் வைப்பதுதான் பெயர். முதல் வாரத்திலேயே அவன் பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியை அறுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சட்டைப்பையிலிருந்த குட்டித் தராசில் வைத்துப் பார்த்தான். அன்றோடு அவன் 'தராசு' ஆனான். எனக்குப் 'பட்டாசு' என்று பேர். ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

மே மாத நடுவில் மெக்சிகோ எல்லையில் கிளம்பினோம். கனடா எல்லையில் போய் நிற்பதாகத் திட்டம். எழுநூறு மைல் முடிந்து சாமா ஊருக்கு வந்து சேர்ந்தபோது என் இடது முட்டி பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. சுமையைக் குறைத்தால்தான் மேலே நடக்கலாம், இல்லாவிட்டால் பஸ் ஏறி வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றாகிவிட்டது. எங்களிடம் இருந்ததிலேயே பெரிய சுமை கூடாரம். நாலு பவுண்டு. சொந்தக் கம்பிகளோடு எங்கே வைத்தாலும் தானாக நிற்கும் நல்ல கூடாரம், ஆனால் நாலு பவுண்டு.

சாமாவில் நாங்கள் தங்கிய விடுதிக்காரன் நடக்கிறவர்களுக்கு வேண்டிய சாமான்களும் விற்பான். புல்வெளியில் எங்களுக்காக வரிசையாக விரித்துக் காட்டினான். ஒருவர் படுக்கும் கூடாரம், ஒவ்வொன்றும் இருபது அவுன்ஸ், இரண்டு வாங்கினால் நாற்பது. அதற்குப் பக்கத்தில் இருவர் படுக்கும் ஒன்று. தாள் மாதிரி சலசலக்கும் வெள்ளைத் துணி. அதற்கென்று கம்பி கிடையாது, நடக்கும்போது ஊன்றுகிற இரண்டு கைத்தடிகளையே கால்களாகக் கொடுத்து, எட்டு முளை அடித்து இழுத்துக் கட்ட வேண்டும். எமெட் அதைத் தராசில் தொங்கவிட்டான். இருபத்திரண்டு அவுன்ஸ். ஒன்றரை பவுண்டுகூட இல்லை.

"இத வாங்கிரு" என்றேன் நான்.

எமெட் யோசித்தான். "ஆளுக்கு ஒன்னு இருந்தா நல்லதுக்கா. யாராவது ஒருத்தர் முன்னப் பின்ன போயிட்டா?"

"நான் எங்கடா போகப் போறேன்? இந்த முட்டிய வச்சுக்கிட்டு ஓடவா போறேன்?"

பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவில் ஊறிய பீன்ஸைத் தின்றுகொண்டிருந்த, எங்களைப் போலவே நடக்கிற 'கரண்டி' சிரித்தான். ஒஹையோவில் சமையல்காரனாக இருந்தவன், நெட்டைக் கொக்கு. கரண்டியைத் தொலைத்துவிட்டு ஒரு வாரம் கூடார முளையால் சாப்பிட்டதால் வந்த பேர். "புருஷன் பொண்டாட்டியே இந்த டென்ட்ட வாங்கிட்டு அடுத்த ஊர்ல டைவர்ஸ் பண்ணிக்கறாங்க. நீங்க அக்கா தம்பி, உங்களுக்கு அந்த வசதியும் இல்ல."

"நீ உன் பீன்ஸப் பாரு" என்றேன். அப்படித்தான் அது எங்களுடையதாயிற்று. வாங்கியது நான். அதை மறைக்கவில்லை.

சுமையைப் பங்கு போட்டோம். துணி எமெட்டுக்கு. முளைகள் எனக்கு. அவன் தன் கைத்தடிகளை விடுதி வாசல் பெட்டியில் போட்டுவிட்டான். வேண்டாததைப் போட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ள எல்லா விடுதியிலும் அப்படி ஒரு பெட்டி உண்டு. கூடாரத்துக்கு ஒரு ஜோடி போதும், முட்டி வலிக்கிறவள் நான், ஆகவே அந்த ஜோடி என் கையில். இருவருக்கும் சேர்த்து ஒரே இறகுப் போர்வை, அதுவும் என் பையில். அடுப்பை எப்போதோ கைவிட்டுவிட்டோம், எதையும் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் தின்பது. ஊறவைத்து எடுத்துத் தருவது எப்போதும் எமெட்தான். பை அவ்வளவு லேசாக இருந்தது, எனக்குப் பாட்டு வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மதியம் மரம் வளராத உயரத்தில், மலைமுகட்டின் மேல் சாப்பிட உட்கார்ந்தோம். அங்கிருந்து நாலு மைல் மொட்டை முகடு, அதற்கப்புறம்தான் பாதை மரங்களுக்குள் இறங்கும். வெயில் நன்றாக அடித்தது. இரவுப் பனியில் நனைந்த துணியை மதியச் சாப்பாட்டு நேரத்தில் காயப்போடுவது வழக்கம். காற்று இருந்ததால் நான் மூலைகளில் முளை அடித்தேன். அடித்துக்கொண்டே வந்தால், ஆறோடு பை காலி.

"டேய், ரெண்டு முளையக் காணோம்."

"காணாமலாம் போகலக்கா" என்றான் வாயில் ரொட்டியோடு. "ஆறு போதும். மிச்ச மூலைக்குக் கல்லக் கட்டிக்கலாம். ரெண்டையும் சாமாலேயே பெட்டில போட்டுட்டேன்."

"யாரக் கேட்டுப் போட்ட?"

"முக்கால் அவுன்ஸ் மிச்சம்க்கா."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "முக்கால் அவுன்ஸா? காத்து அடிச்சா உன் முக்கால் அவுன்ஸு வந்து பிடிச்சுக்குமாடா? அது என் பையில இருந்தது. என் பைய என்னைக் கேக்காம எப்படித் தொறந்த?"

"உன் பைய லேசாக்கத்தான தொறந்தேன்!"

"நான் கேட்டனா?"

"நீ எதத்தான் கேட்ட? ஐம்பது நாளா உன் வேகத்துக்கு நடந்துட்டிருக்கேன், ஒரு வார்த்தை சொன்னனா?"

அது சுட்டது. உண்மை என்பதால் இன்னும் அதிகமாகச் சுட்டது. "அப்படியா? ரொம்ப நன்றி சார். இனிமே நீங்க உங்க வேகத்துக்கே நடங்க" என்று சொல்லி ஆறு முளையையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பையில் திணித்தேன். கைத்தடிகளை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

"அக்கா, இரு, துணிய மடிச்சிட்டு வரேன்" என்று அவன் பின்னால் கத்தியது காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை.

கோபத்தில் என் முட்டிகூட வலிக்கவில்லை. வழியெல்லாம் அவனுக்குச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு மணி வாக்கில் மேற்கே மேகம் கருத்துத் திரண்டது. ஜூலையில் தினமும் நடக்கிற கூத்துதான், ஆனால் அன்றைக்கு அது கொஞ்சம் சீக்கிரமாகவும் வேகமாகவும் வந்தது. நான் மரங்களை எட்டியபோது முதல் இடி. நிமிஷத்தில் வெயில் போய்க் குளிர் பிடித்துக்கொண்டது. மழை, மழையோடு பட்டாணி அளவு ஆலங்கட்டி. ஒரு தேவதாரு மரத்தடியில் ஒதுங்கிப் பாதையைப் பார்த்தபடி நின்றேன். அவன் எப்போதும் என்னைப் பத்து நிமிஷத்தில் பிடித்துவிடுவான்.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. யாரும் வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அவனிடம் துணி இருக்கிறது, அதை நிறுத்தக் கைத்தடி இல்லை. போர்வை என்னிடம். அந்த மொட்டை முகட்டில் அவன் நனைந்தால், காற்றிலிருந்து ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது. நனைந்து, காற்றும் அடித்தால், ஜூலையானாலும் அந்த உயரத்தில் மனுஷன் இரண்டு மணி நேரத்தில் விறைத்துப் போவான்.

எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். துணியைச் சுற்றிக்கொண்டு எங்காவது குந்தியிருப்பான், அவன் என்ன குழந்தையா, இறகு ஜாக்கெட் வேறு வைத்திருக்கிறான் என்றெல்லாம். வெளிச்சம் பளீரென்று அடித்தது. எண்ணினேன். நாலு எண்ணுவதற்குள் இடி. மின்னல் விழுந்த இடம் ஒரு மைல்கூட இல்லை. இந்த நேரத்தில் முகட்டின் மேல் ஏறுகிறவன் பைத்தியக்காரன் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். கையில் இருப்பதோ அலுமினியத் தடி. அதை மரத்தடியில் போட்டுவிட்டுப் போனால் எனக்கு நல்லது. போட்டுவிட்டுப் போனால் கூடாரம் நிற்காது.

தடிகளை மடக்கிப் பைக்குள் செருகிக்கொண்டு மேலே ஏறினேன். ஒவ்வொரு மின்னலுக்கும் குந்தினேன், இடி முடிந்ததும் எழுந்து ஓடினேன். முட்டி அப்போது வலித்தது, நன்றாகவே வலித்தது. "எமெட்! டேய் எமெட்!" என்று கத்தினேன். கத்தியது என் காதுக்கே கேட்கவில்லை. ஆலங்கட்டி வெள்ளையாகப் படிந்து பாதை எது பாறை எது என்று தெரியவில்லை. ஒரு மைலுக்கு மேல் போயிருப்பேன். அந்த ஒரு மைலில் நான் செய்யாத வேண்டுதல் இல்லை.

முகட்டின் ஓரத்தில், ஒரு சின்னப் பள்ளத்தில், வெள்ளையாக ஏதோ படபடவென்று அடித்தது. எங்கள் துணி. அதன் நடுவில் எமெட் மண்டியிட்டிருந்தான். துணியைச் சுற்றிக்கொள்ளவில்லை அவன். தரையில் விரித்து, மூலைக்கு மூலை கல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஒரு மூலையில் வைத்துவிட்டு அடுத்த மூலைக்குப் போவான், முதல் மூலையைக் காற்று பிடுங்கிவிடும். திரும்பி வருவான். மறுபடி வைப்பான். அவசரமே இல்லாமல், கிடங்கில் வேலை பார்க்கிறவன் மாதிரி செய்துகொண்டிருந்தான்.

"எமெட்!"

நிமிர்ந்து பார்த்தான். உதடு நீலமாக இருந்தது. உடம்பு நடுங்கவில்லை, நடுங்கக்கூட முடியாத அளவுக்குக் குளிர் உள்ளே இறங்கிவிட்டது. நடுங்கியிருந்தால் எனக்குப் பாதி பயம் போயிருக்கும். "நீ வரதுக்குள்ள... டென்ட்ட நிறுத்திரலாம்னு" என்றான். குடித்தவன் மாதிரி நாக்குக் குழறியது. "நிக்க மாட்டேங்குதுக்கா. ஏன்னு தெரியல."

"தடி எங்கிட்ட இருக்குடா! முளை எங்கிட்ட இருக்கு! சுத்திக்க வேண்டியதுதானே, அறிவுகெட்டவனே!"

"சுத்துனா நனைஞ்சிரும்" என்றான். "ராத்திரிக்கு வேணுமே."

அழ நேரமில்லை. அவனைத் துணியின் மேலேயே பிடித்து உட்கார வைத்தேன், பறக்காமல் இருக்க அவன் எடையாவது உதவட்டும் என்று. காற்று வரும் பக்கம் முதல் முளை. இரண்டு அங்குலம் இறங்கிக் கல்லில் முட்டியது. சாய்த்து அடித்தேன். இரண்டாவது, மூன்றாவது. விரல் மரத்துப்போய் முடிச்சு விழவில்லை, பல்லால் இழுத்தேன். தடிகளைப் பாதி நீளத்துக்குக் குறைத்து உள்ளே கொடுத்தேன். துணி முழங்கால் உயரத்துக்கு எழுந்து நின்றது. ஆறு முளையும் தீர்ந்துவிட்டன. ஏழாவது மூலைக்கு என் பையைக் கட்டினேன். எட்டாவது மூலைக்கு ஒன்றுமில்லை. அங்கிருந்த கற்கள் எல்லாம் தேங்காய் அளவு, அந்தக் காற்றுக்கு அவை காணாது. கயிற்றை உள்ளே இழுத்து என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன்.

அவனை உள்ளே தள்ளிக்கொண்டு நுழைந்தேன். ஈரச் சட்டையை உரித்துப் போட்டேன். "ஜாக்கெட் எங்கடா? எமெட், தூங்காத, என்னைப் பாரு, ஜாக்கெட் எங்க?" பதில் இல்லை. அவன் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். சாப்பாடு விழுந்தது. பொட்டலம் பொட்டலமாகச் சாப்பாடு. கடலை வெண்ணெய், ரொட்டி, என்னுடையது என்று நான் பெயர் எழுதிய பைகூட இருந்தது. அடுத்த ஊரான பகோசா வரைக்கும் போதுமான என் சாப்பாட்டில் முக்கால்வாசி அவன் பையில். ஜாக்கெட் இல்லை.

"போஸ்ட்ல போட்டுட்டேன்" என்று முனகினான். "பகோசாவுக்கு. உன் சாப்பாட்ட எடுத்துக்கிட்டேன்ல. எடை சரியாகணும்ல."

என் பை லேசாக இருந்தது புதுக் கூடாரத்தால் என்று நினைத்துக்கொண்டு மூன்று நாளாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். அவன் பின்தங்கியபோதெல்லாம் படம் எடுத்ததாகச் சொன்னதை நம்பினேன். சாயங்காலமானால் முதல் ஆளாகப் போர்வைக்குள் புகுந்துகொண்டானே, அதையும் பார்த்தேன், சோம்பேறி என்றேன். ஐம்பது நாள் உன் வேகத்துக்கு நடந்தேன் என்று அவன் சொன்னதற்கா நான் விட்டுவிட்டு வந்தேன்? என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

என் ஜாக்கெட்டை அவனுக்குப் போட்டேன். போர்வையைச் சுற்றினேன். நானும் ஈரத்தைக் களைந்துவிட்டு உள்ளே புகுந்து அவனை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். கூச்சம் பார்க்கிற நேரமா அது? அவன் உடம்பு கிணற்றுக்கல் மாதிரி சில்லென்றிருந்தது. சூடாக ஒரு மடக்குத் தண்ணீர் கொடுக்க வழியில்லை, அடுப்பு இல்லையே. கடலை வெண்ணெயை விரலால் வழித்து அவன் வாயில் வைத்தேன். "முழுங்கு. முழுங்குடா. அம்மாவோட போன் நம்பர் சொல்லு." தப்புத் தப்பாகச் சொன்னான். "மறுபடி சொல்லு." காற்று ஓங்கி அடிக்கும்போதெல்லாம் எட்டாவது மூலை என் கையைப் பிடுங்கியது. கயிறு தோலை அறுத்தது. விட்டால் துணி போய்விடும், துணி போனால் இவன் போய்விடுவான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் அவன் தாடை தடதடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பிறகு தோள். பிறகு உடம்பு முழுக்க நடுங்கியது, என் பல்லும் சேர்ந்து ஆடும்படி நடுங்கியது. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"ஏன்க்கா அழற?"

"வாய மூடு. நம்பர் சொல்லு."

இந்தத் தடவை சரியாகச் சொன்னான்.

ஐந்து மணிக்கு மேகம் கலைந்தது. வெயில் இருக்கும்போதே அவனைத் தாங்கலாக மரங்களுக்குக் கூட்டி வந்தேன். அடுத்த இரண்டு நாள் அவன் முன்னால், நான் பின்னால், பத்தடிக்கு மேல் விலகாமல் நடந்தோம். சாப்பாட்டை என் பைக்கு மாற்றிக்கொண்டேன். அவன் தடுக்கவில்லை. நான் ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்டேன், அவன் ஆயிரம் தடவை "விடுக்கா" என்றான். சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பகோசாவில் குளித்து, ஆளுக்கு இரண்டு பர்கர் தின்று, ஒரு நாள் முழுக்கத் தூங்கினோம். மறுநாள் காலை தபால் நிலையத்துக்குப் போய் அவன் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன். பின்புறப் புல்வெளியில் எமெட் ஒரு புதுக் கூடாரத்தை நிறுத்தி, சுற்றி வந்து கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பச்சை நிறம். ஓரமாக இரண்டு புதுக் கைத்தடி. கூடாரத்தின் அகலத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஒருவர் படுக்கலாம். இன்னொருவருக்கு இடமில்லை.

"நல்லாருக்கே" என்றேன். "எவ்ளோ எடை?"

"தெரியல" என்றான். "நிறுக்கல."

ஜாக்கெட்டை அவனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

"எமெட், இனிமே அப்படி நடக்காதுடா. சத்தியமா. நான் திரும்பி வந்தேன்ல?"

"வந்த" என்றான். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான், கோபமே இல்லை அதில். "அந்த இடில வந்த. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்க்கா. நீ வரலேன்னா இன்னைக்கு இங்க நிக்க மாட்டேன்."

"அப்புறம் ஏன்டா?"

ஒரு முளையைக் காலால் அழுத்திவிட்டான். "நீ போனதையும் மறக்க முடியல."

குனிந்து அந்த முளையின் கயிற்றை இழுத்துப் பார்த்தேன்.

"கனடா வரைக்கும் சேர்ந்துதான் நடக்கப் போறோம்" என்றான் அவன். "பக்கத்துப் பக்கத்துல போட்டுக்கலாம். கடைல இன்னும் இருக்கு, போய்ப் பாரு."

தெருவைக் கடந்து கடைக்குள் போனேன். கல்லாவில் இருந்த பெண் சிரித்தபடி எழுந்து, என்ன வேண்டும் என்று கேட்டாள். கூடாரம் என்றேன்.

"எத்தன பேருக்கு?"

மணிக்கட்டில் கயிறு அறுத்த இடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"ஒருத்தருக்கு" என்றேன்.